ஈரத்தாளைப் பெற்றவர்

ஏழுமடைச் சீமையை ஆண்ட ராஜாவுக்கு மீசை பெரிது. இடது பக்க மீசையில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது என்பார்கள். கூடு கட்டியது பொய்யாகவே இருக்கட்டும். குஞ்சு பொரித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மீசை பெரிதாக இருந்து என்ன செய்ய, வம்சம் சின்னது. ராஜாவின் அப்பா ராஜா. தாத்தா குதிரை வியாபாரி. தாத்தாவின் அப்பா யார் என்பது அந்தக் குதிரைகளுக்குத்தான் தெரியும்.

அரண்மனைப் புலவர் குற்றாலிங்கம் ஒரு மத்தியானம் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். சந்திரனில் தொடங்கி ஐம்பத்தேழு தலைமுறை. நடுவில் ஒரு பாட்டன், கடலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, உப்புக் கரிக்கிறது என்று திருப்பித் துப்பியவன். வாசிக்கக் கேட்ட ராஜா தேம்பித் தேம்பி அழுதார். நனைந்த குருவி அன்றைக்கே கூட்டைக் காலி செய்தது.

மறுநாள் ராஜாவுக்கு ஒரு யோசனை உதித்தது.

"எனக்கு வம்சம் இருக்கிறது. என் சீமையில் இருக்கிற சாமிகளுக்கு இல்லாமல் இருக்கலாமா? ஆத்தா பேர் தெரியாத சாமியை எல்லாம் யானை கட்டி இழுத்து எல்லைக்கு வெளியே போடுங்கள்."

புலவர் ஓலைக் கட்டோடு கிளம்பினார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயசு. ஊர் ஊராகப் போய் நாற்பத்தொரு சாமிகளுக்கு வம்சம் எழுதினார். சிவன் வியர்வையில் பன்னிரண்டு பேரைப் பிறக்கவைத்தார். பார்வதியின் கோபத்தில் ஒன்பது பேர். யாகத் தீயில் பதினொரு பேர். மிச்சம் இருந்தவர்களை எல்லாம் திருமாலின் உறக்கத்தில் சேர்த்துவிட்டார்.

நாற்பத்திரண்டாவது சாமி ஏழுமடைக் குளத்தங்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். பேர் ஈரத்தாள். புலவர் போய்ப் பார்த்தால் சாமியைக் காணோம். வெறும் மண்மேடுதான் இருந்தது. தொடையளவு தண்ணீரில் ஒரு பெண் நின்று மடைப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். குளத்து மடைகளைத் திறக்கிறதும் அடைக்கிறதும் அவள் வேலை. பேர் பொம்மி.

"இந்தச் சாமிக்கு ஆத்தா யாரம்மா?"

"நீரே சொல்லும். ஓலை உம்ம கையிலதானே இருக்கு."

ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் போதும் புலவருக்கு.

"கைலாயத்துப் பொய்கையிலே பார்வதி குளிச்சுட்டுத் தலை துவட்டினாள். கூந்தல்லேர்ந்து ஒரு சொட்டுத் தெறிச்சுது. அந்தச் சொட்டுதான் ஈரத்தாள்."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் பொம்மி. "அந்தப் பொய்கைக்கு மடை தெறந்துவிட்டது யாரு?"

நாற்பத்தொரு ஊரில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. புலவர் ஓலைக்கட்டைக் கீழே வைத்தார். அன்றைக்கு அரண்மனைக்குத் திரும்பவில்லை. அடுத்த எட்டு மாசமும் திரும்பவில்லை. பொம்மிக்குச் சீடராகிவிட்டார்.

பாடம் என்று எதுவும் நடக்கவில்லை. வண்டல் சுமந்தார். கரையில் எலி வளை அடைத்தார். "தாயே" என்று அவர் கூப்பிடுவார். "புலவரே, பேச்சு அப்புறம், அந்தக் கூடையை எடும்" என்பாள் அவள்.

பங்குனி பிறந்தது. அரண்மனையிலிருந்து தானாபதி நல்லபெருமாள் வந்தார். ராஜாவுக்கு அடுத்த அதிகாரம் அவருக்குத்தான். இறங்கினால் செருப்பில் சேறு ஒட்டும் என்று பல்லக்கில் இருந்தபடியே பேசினார்.

"ஓய் புலவரே, நாற்பத்தொரு ஓலை வந்தது. நாற்பத்திரண்டாவது எங்கே?"

"எழுதவில்லை."

"பௌர்ணமி வரைக்கும் கெடு. ஓலை வராவிட்டால் மறுநாள் விடிந்ததும் ராஜாவே யானையோடு வருவார். இந்த மேட்டைக் கொத்தி எறிவார்கள். அதற்கப்புறம் இந்தச் சாமி பேரைச் சொல்லி எவளாவது குலவையிட்டால் அவள் வாயில் நாக்கு இருக்காது."

பல்லக்கு போனதும் புலவர் பொம்மியிடம் ஓடினார்.

"தாயே, ஒரு நாழிகை போதும். எழுதிடுறேன்."

"வேண்டாம்."

"பொய் சொல்லக் கூடாதுங்கிறீங்களா?"

"ஏன் சொல்லக் கூடாது? பொய் இல்லாம மனுசனுக்குச் சோறு எறங்குமா? நல்லாச் சொல்லும். பயந்துக்கிட்டு மட்டும் சொல்லாதேயும்."

விஷயம் ஊருக்குள் பரவ வெகுநேரம் ஆகவில்லை. பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் பேச்சி. மீன் விற்கிறவள். மூன்று தெரு தள்ளிக் கேட்கும் அவள் குரல்.

"புலவரே, நாலு வரிதானே. கிறுக்கிக் குடுத்துட்டுப் போமேன். எங்க ஆத்தா எங்களுக்கு இருந்தாப் போதும்."

பிறகு பொம்மியின் பக்கம் திரும்பினாள். "ஒனக்கென்னடி! வீராப்பாப் பேசிப்புட்டு மடையில போயி நின்னுக்குவ. நாக்கு எங்க நாக்குல்ல?"

பொம்மிக்குக் கோபம் வரவில்லை.

"சரி பேச்சி, பார்வதி மகள்னே எழுதச் சொல்லுறேன். வர்ற வருசம் ஈரத்தாளை யாரு பிசைவா?"

"இதென்ன கேள்வி? மொறைக்காரி பிசைவா."

"கைலாசத்துப் பொண்ணை, இந்தக் கெண்டை நாத்தம் புடிச்ச கையாலயா?"

பேச்சி தன் கையைப் பார்த்தாள். பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஈரத்தாளுக்குக் கல் கிடையாது. ஒவ்வொரு பங்குனியிலும் குளத்து மண்ணைப் பிசைந்து அவளை உண்டாக்குவார்கள். ஒன்பது நாள் மேட்டில் இருப்பாள். ஒன்பதாம் நாள், பௌர்ணமிச் சாயங்காலம், குளத்திலேயே கரைத்துவிடுவார்கள். பிசைகிற முறை வீட்டுக்கு வீடு மாறும். எவள் பிசைகிறாளோ அவள்தான் அந்த வருஷம் ஈரத்தாளைப் பெற்றவள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அத்தனையும் ஊர் அவளுக்குச் செய்யும். வயிற்றைச் சுற்றித் துணி கட்டும். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு மருந்து கிண்டிக் கொடுக்கும். ஒரு துரும்பை எடுத்துப் போட விடாது. ஆயுசுக்கு ஒருத்திக்கு ஒரு தடவைதான் அந்தப் பாக்கியம்.

புலவர் தலையைக் குனிந்துகொண்டார். பொம்மி பேச்சியைக் கேட்ட கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும்.

வியர்வையில் அவர் பிறக்கவைத்த பன்னிரண்டு பேரில் ஒருவர் காட்டுக்கருப்பன். ஆடு மேய்க்கிறவர்கள் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டிருந்த சாமி. ஓலை அரண்மனைக்குப் போன மறுமாசம் சுற்றுச்சுவர் வந்தது. சுவருக்குக் கதவு வந்தது. கதவுக்குப் பூட்டு வந்தது. சிவன் மகனைத் தொட நீ யாரடா என்ற அதட்டலும் வந்தது. இப்போது ஆடு மேய்க்கிறவர்கள் சுவருக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கட்டும் என்று தொண்டை வறளக் கத்திப் பேசுகிறார்கள். புலவர் அந்தப் பக்கம் ஒரு முறை போனபோது, முக்காடு போட்டுக்கொண்டு போனார்.

"எழுதினா சாமி சுவருக்குள்ள போயிடும். எழுதாட்டா எல்லைக்கு வெளியே போயிடும். நான் என்னதான் செய்ய, தாயே?"

"மண்ணெடுக்கிற நாள் வரட்டும்," என்றாள் பொம்மி.

மண்ணெடுக்கிற நாளும் வந்தது. அந்த வருஷம் பேச்சி வீட்டு முறை. பேச்சி வந்தாள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பெத்தவ யாருன்னு தானாபதி கேப்பாரு. நீங்க எம்பேரச் சொல்லுவீங்க. நாக்கப் பறிகொடுத்துட்டு நான் மீனை எப்பிடிக் கூவி விக்கிறது? ஊமைப்பாசையிலயா?"

அடுத்த முறைக்காரியும் பின்வாங்கினாள். அவளுக்கு அடுத்தவள் வரவே இல்லை. மற்றவர்கள் எல்லாம் ஒரு தடவை பெற்றவர்கள். பொம்மியே இருபது வயசில் பெற்றுவிட்டாள்.

பொம்மி குளத்தில் இறங்கி ஒரு கூடை மண் அள்ளிவந்தாள். நேராகப் புலவர் முன்னால் கொட்டினாள்.

"பிசையும்."

"நானா? நான் ஆம்பளை தாயே!"

"மண்ணு கேட்டுச்சா?"

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நாப்பத்தொரு சாமியை ஆம்பளையா உக்காந்துதானே பெத்தீரு? ஒண்ணுக்காவது இடுப்பு வலிச்சுதா?"

புலவர் அவளைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். மேல்துண்டை அரையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வலித்தது. எழுத்தாணி பிடித்த விரல்களுக்கு மண் அடங்கவில்லை. உள்ளே நத்தைக் கூடும் வேரும் கிடந்தன. உள்ளங்கை கிழிந்தது. மூக்கு வைத்தால் விழுந்தது. மூன்று தரம் விழுந்த பிறகு, போனால் போகிறது என்று கொஞ்சம் சப்பையாக ஒட்டிக்கொண்டது. பொழுது சாய்கிற நேரத்தில் மேட்டின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, யாரையோ பார்த்துக் கேலிச் சிரிப்புச் சிரிக்கிற மாதிரி.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கு," என்றாள் ஒருத்தி.

"அப்பன் இல்லடி, ஆத்தா," என்று திருத்தினாள் பேச்சி.

அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குலவையும் போட்டார்கள்.

மேட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டுப் புலவரைப் படுக்கவைத்தார்கள். வயிற்றில் துணி சுற்றினார்கள்.

"இறுக்கிக் கட்டுங்கடி. தொப்பை விழுந்துடப் போகுது."

"அது ஏற்கெனவே விழுந்ததுதான். இருபது வருசம் ஆச்சு."

"புலவரே, பால் ஊறுதா?"

"தலைப்பிள்ளையில்ல? கொஞ்சம் சொணங்கும்."

முதல் இரண்டு நாள் புலவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள், மருந்தில் கருப்பட்டி குறைகிறது என்று அவரே சொன்னார். ஐந்தாம் நாள் படுக்கை கொள்ளவில்லை. வெயில் ஏறினால் ஈரத்தாளின் கன்னத்தில் வெடிப்பு விழுந்தது. எழுந்துபோய் ஈரக் கையால் தடவிக்கொடுத்தார். தடவிவிட்டு வந்து படுத்தால், காதோரம் ஒரு வெடிப்பு இருந்ததே என்று ஞாபகம் வரும். மறுபடி எழுந்து போவார். நாற்பத்தொரு சாமிகளில் ஒன்றின் முகம்கூட அவர் நினைவில் இல்லை. இவளுடைய கோண வாய் கண்ணை மூடினாலும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. பொழுது இறங்குகிற நேரத்தில் பல்லக்கு வந்தது. கூடவே ஈட்டிக்காரர் இரண்டு பேர். புலவர் குடிசை வாசலில் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையில் மருந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓலை?" என்றார் தானாபதி.

"இல்லை."

"இந்தச் சாமிக்கு ஆத்தா பேர் உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். குற்றாலிங்கம்."

"எந்தக் குற்றாலிங்கம்?"

"நீர் பார்த்துக்கொண்டிருக்கிற குற்றாலிங்கம். பெற்று இன்றைக்கு ஒன்பது நாள்."

பல்லக்குத் தூக்கிகள் சிரித்த சிரிப்பில் பல்லக்கு ஊஞ்சலாடியது. தானாபதி சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா ஓய் உமக்கு? ஆம்பிளை பிள்ளை பெறுவானா?"

"திருமால் தொப்புளில் பிரமன் பிறந்தார் என்று சபையில் வாசித்தேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினீர்."

"அது சாமி சமாச்சாரம்!"

"இதுவும் அதுதான்."

தானாபதி பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்களில் எவள் இதைப் பிசைந்தாள்? உண்மையைச் சொல்கிறவளுக்கு ஒரு குறையும் வராது."

ஈட்டிக்காரர்கள் ஓர் எட்டு முன்னால் வந்தார்கள்.

பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"அவருதாங்க பெத்தாரு. நான்தான் மருத்துவச்சி."

"பிள்ளை தலை திரும்பலைங்க," என்றாள் அவளுக்குப் பின்னால் இருந்தவள். "பாவம், ரொம்பச் செரமப்பட்டாரு."

"கழுத்துல கொடி சுத்திக் கெடந்துச்சு. நான்தான் எடுத்துவிட்டேன்."

"அவரு அலறுன அலறல்ல குளத்து மீனெல்லாம் கரைக்கு ஏறிடுச்சுங்க. இன்னும் எங்க வீட்டுல கருவாடாக் கெடக்கு, வேணுமின்னா வந்து பாருங்க."

"போதும்!" என்று கத்தினார் தானாபதி. பல்லக்கிலிருந்து இறங்கியேவிட்டார். செருப்பு சேற்றில் புதைந்தது. "புலவரே, உம்முடைய தலை உம் கழுத்தில் இருப்பது ராஜாவின் தயவில். ஞாபகம் இருக்கிறதா?"

புலவர் சிரட்டையைக் கீழே வைத்தார். பொம்மியைப் பார்த்தார். அவள் மடையோரம் வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

புலவர் வயிற்றுத் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தானாபதி, ராஜாவின் பாட்டனைப் பெற்றவனும் நான்தான். கடலைக் குடித்தாரே, அவர். ராஜா, அப்பா, தாத்தா மூவரைத் தள்ளினால், அவரோடு சேர்த்து ஐம்பத்து நாலு பேர். அத்தனை பேரையும் ஒரே மத்தியானத்தில் பெற்றேன். அந்தப் பேறுகாலத்துக்கு ஒரு சிரட்டை மருந்து தர நாதி இல்லை எனக்கு."

இப்போது பல்லக்குத் தூக்கிகள் சிரிக்கவில்லை. ஈட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

தானாபதி குரலைத் தாழ்த்தினார். "இதைப் போய் ராஜாவிடம் நான் எப்படிச் சொல்வேன்?"

சொல்லுகிற நாக்குத்தான் முதலில் போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

"நீர் சொல்ல வேண்டாம்," என்றார் புலவர். "வரச் சொல்லும். நானே சொல்லிக்கொள்கிறேன்."

"வருவார். விடிந்ததும் வருவார். யானையும் வரும்."

ஒற்றைச் செருப்போடு அவர் பல்லக்கில் ஏறினார். இன்னொன்றைச் சேறு விடவில்லை.

பொழுது விழுந்துகொண்டிருந்தது. பெற்றவர் கையாலேயே கரைக்க வேண்டும் என்பது முறை. புலவர் ஈரத்தாளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு குளத்தில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பக்கத்தில் பொம்மி வந்து நின்றாள்.

"விட்டுரும்."

கை விடவில்லை.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே, தாயே."

"எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. நானும் கேட்டேன்."

புலவர் கைகளைத் தாழ்த்தினார். தண்ணீர் முதலில் அவளுடைய காலை எடுத்துக்கொண்டது. பிறகு மடியை. கீழே இருந்த கண் போயிற்று. மேலே இருந்த கண் போயிற்று. கோண வாய் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு விரல்களுக்கு நடுவே வெறும் கலங்கல்தான் ஓடியது. புலவர் தன் ஆயுசில் அழாத அழுகை அழுதார். கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். பேச்சியின் குலவை தனியாகக் கேட்டது.

சாமி கரைந்ததும் ஏழு மடையையும் திறந்துவிட வேண்டும். பொம்மி ஒவ்வொரு பலகையாகத் தூக்கினாள். ஆறு வாய்க்கால் வயலுக்குப் போகிறது. ஏழாவது, ராஜா குடிக்கிற தண்ணீருக்காக, அரண்மனைக் கிணறுகளுக்குப் போகிறது. செந்நிறக் கலங்கல் ஏழிலும் பாய்ந்தது.

புலவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்.

"தாயே, விடிஞ்சதும் ராஜா யானையோட வந்து நிப்பாரு. 'எங்கேடா நீ பெத்த மகள்?'னு கேப்பாரு. மேட்டுல ஒண்ணும் இல்லையே. நான் எதைக் காட்டுவேன்?"

பொம்மி ஏழாவது மடையில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"ராஜாவே, காலையில தண்ணி குடிச்சீரான்னு கேளும்."